இரண்டு முறை சொன்னாய்

நீலசந்திரா, பெங்களூர்
ஆகஸ்ட் 2004

மித்ராவுக்கு,

நீ பொய்யில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனாலும் கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது, தூங்குகிறாயா. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். உன் அம்மா போனபிறகு ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, மிஞ்சின சோற்றை எதிர்வீட்டு ஃபாத்திமா கோழிகளுக்கு வாங்கிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டு கிருஷ்ணப்பா தினமும் "மகளு யாவாக பர்த்தாளே", மகள் எப்போது வருவாள் என்று கேட்கிறார், டியூட்டி என்று சொல்லி வைக்கிறேன். ஏரோப்ளேன் தாழ்வாகப் போனால் இப்போதும் மாடிக்கு ஓடிப் பார்க்கிறேன், நீ ஓட்டுவது கௌஹாத்தி பக்கம் என்று தெரிந்தும்.

போன தடவை வந்தபோது வெங்காயம் உரித்துக்கொண்டே நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அனுபவப்பட்ட பைலட்டுகள் ஆபத்து வந்தபின் யோசிப்பதில்லை என்றாய். இந்த உயரத்துக்குள் ஓடுபாதை தெரியவில்லையென்றால் மேலே ஏறிவிடுவேன் என்று இறங்கத் தொடங்கும் முன்பே பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள், அங்கே வந்தபிறகு விவாதம் கிடையாது, அங்கே யோசித்தால் மூளை யோசிக்காது, இறங்கவேண்டும் என்ற ஆசைதான் யோசிக்கும், இல்லாத ஓடுபாதையையும் அது மேகத்தில் காட்டும் என்றாய். நல்ல கேப்டனுக்குத் திரும்ப ஏறுவது அவமானம் இல்லை, பக்கத்தில் இருப்பவள் சொன்னாலே ஏறிவிடுவார், காரணத்தை மேலே போய்க் கேட்டுக்கொள்வார் என்றாய்.

உன் கேப்டன் ஏறவில்லை. மழையில் இறக்கினார், விமானம் பாதை முடிந்தும் நிற்காமல் போய்ச் சேற்றில் இறங்கியது, விமானப் பணிப்பெண் ஒருத்திக்குக் கை முறிந்தது. அன்றைக்கு நீ போனில் அழுதுகொண்டே, "மேல ஏறலாம்னு ரெண்டு தடவ சொன்னேன்ப்பா, ஆட்டோ ஸ்டாண்டுல கத்துற மாதிரி கத்தாதேன்னுட்டாரு" என்றாய். இப்போது உன்னோடு படித்த பெர்னார்ட் வந்து சொல்கிறான், அன்றைக்குக் கேப்டனிடம் நீ எதுவுமே சொல்லவில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்திருக்கிறாயாம். நம் தெருவிலிருந்து வந்தவளுக்கு அந்த இருக்கை கிடைத்ததே அதிகம், வாயையும் கூடக் கொண்டுவரவேண்டாம் என்பது உன் கம்பெனிக்காரர்கள் நினைப்பு. நீயும் ஒத்துக்கொண்டாய். பேசினால் வேலை போகும் என்று எனக்குத் தெரியாதா, யூனியன் பேசியதற்கு பீன்யா ஃபேக்டரியில் என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியவர்களும் இதே ஜாதி ஆட்கள்தான். வேலை போனால் வா, இங்கே சோறு மிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த ஆள் அடுத்த மழையிலும் ஓட்டுவார், பக்கத்தில் வேறு யார் வீட்டுப் பிள்ளையோ உட்கார்ந்திருக்கும். அந்த விசாரணை அறைக்குள் போகும் முன், எதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டு போனாயா? இல்லை. அங்கே போய் யோசித்தாய். இன்னும் ஏறலாம் மித்ரா. சொன்னதைச் சொன்னேன் என்று எழுதிக் கொடு.

பயம் உன்னை அண்டாமல் இருக்கட்டும், எங்கே பறந்தாலும் முழுதாக இறங்கு. மழையில் நனைந்தால் தலையைத் துவட்டாமல் படுக்காதே.

உன் அப்பா,
அப்பாதுரை

உறையை ஒட்டும் முன் மறுபடி போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை எடு.