பூனை அழுத பக்கம்

நவம்பர் 3, திங்கள்
விடியலேர்ந்து மழை. கருவடிக்குப்பத்துலேர்ந்து ஸ்கூல் வந்து சேர்றதுக்குள்ள பாதிப் புடவை ஈரம். நான் பாத்துக்குற லைப்ரரிக்கு எந்தெந்த வகையில புத்தகம் வாங்கணும்னு வெள்ளிக்குள்ள சொல்லணுமாம். பெரிய எழுத்து, ஒலிப்புத்தகம், தொட்டுப் பாக்குற படம், சைகை மொழி வீடியோ. எல்லாத்துக்கும் எச்.எம். தலையாட்டினாங்க. புள்ளியத் தடவிப் படிக்கிற பிரெய்லுக்கு மட்டும் முகம் சுருங்கிச்சு.

"ஒரு கதை தலகாணி சைஸ்ல வருதும்மா. பார்வை இல்லாத புள்ள ஒண்ணே ஒண்ணு. ஆடியோ போதாதா?"

போதும்னுதான் எனக்கும் பட்டுச்சு.

நவ. 4, செவ்வாய்
அந்த ஒண்ணே ஒண்ணு: யாழினி, ஆறாம் வகுப்பு, காலாப்பட்டுலேர்ந்து பஸ். ஹெட்போன் மாட்டிவிட்டேன். மீன்காரம்மாகிட்ட பூனை கெஞ்சுற கதை. முழுசா கேட்டுட்டு மரியாதையா கழட்டி வச்சா.

"நல்லாயில்லியா?"

"நல்லாருக்கு மிஸ். ஆனா எங்க அழணும்னு கதை படிக்கிற அந்தக்காவே அழுது காட்டிடுறாங்க. எனக்கு நானே படிக்கணும்."

ஹெட்போன எடுத்து மேசை மேல வச்சேன்.

அதே ஹெட்போன எட்டாவது தினேஷ் எடுத்து மாட்டிக்கிட்டான். எழுத்து கலங்குதுன்னு புத்தகத்தக் கண்டாலே ஓடுறவன். பெல் அடிச்சும் எழுந்திருக்கல. அட!

நவ. 5, புதன்
ரெட்டியார்பாளையம் தோழி மூலமா அதே பூனைக்கதை பிரெய்ல்ல இரவல் கெடச்சுது. நெசமாவே தலகாணிதான். வைக்க எடமில்ல. ரெண்டு அட்லஸுக்கு அடியில சொருகிட்டு வீட்டுக்கு. குடை மறந்தேன்.

நவ. 6, வியாழன்
யாழினி விரல் வச்சதுமே, "யாராவது இதுமேல உக்காந்தாங்களா மிஸ்? புள்ளியெல்லாம் அமுங்கிக் கெடக்கு."

மூஞ்சிய எங்க வச்சிக்கிறது. மேல பாரம் ஏத்தக் கூடாதாம், நிக்க வைக்கணுமாம். நல்லவேளை, பாதிக்கு மேல தப்பிச்சிருந்துது.

மதியம் இடி. கரண்ட் போச்சு. லைப்ரரி முழுக்கக் கும்மிருட்டு, புள்ளைங்க ஒரே கூச்சல். எல்லாரும் புத்தகத்த மூடிட்டோம். இவ மட்டும் நிறுத்தல, சத்தமா படிச்சிட்டே போறா. ஒவ்வொருத்தரா அடங்கிட்டாங்க. எச்.எம். வந்து வாசல்லயே நின்னுட்டாங்க. பூனை அழற எடம். யாழினி களுக்குன்னு சிரிச்சிட்டா.

"ஏன்டி சிரிக்கிற?"

"நடிக்குது மிஸ்! ரெண்டு வரி முன்னாடிதான வயிறு முட்டத் தின்னுச்சு!"

எத்தன வருஷமா இந்தக் கதைய வாசிச்சுக் காட்டுறேன்! ஒவ்வொரு தடவையும் அந்த எடத்துல தொண்டை கம்மி, "பாவம் பூனை"ன்னு. ஆடியோ அக்காவும் நானும் சேர்ந்து ஏமாந்திருக்கோம்.

எச்.எம். மெதுவா கேட்டாங்க: "வாங்கினா எங்கம்மா வைப்ப?"

"என் மேசைய வராண்டாவுல போட்டுக்கறேன் மேடம்."

எச்.எம். வாசல விட்டு உள்ள வந்தாங்க. "சரி, பிரெய்லும் எழுதிக்க."

நவ. 7, வெள்ளி
தூறல். பட்டியல் அனுப்பியாச்சு. மேசை வராண்டாவுல, சாரல்ல. அது இருந்த எடத்துல லேப்ல சும்மா கெடந்த அலமாரி. இன்னும் காலி. யாழினி கையப் புடிச்சு மேல் தட்டுல வச்சேன். இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் தடவிக்கிட்டே நடந்தா. திரும்பி வந்தா. அடுத்த தட்டு. அதுக்கும் அடுத்தது.

"இவ்ளோவுமா மிஸ்?"

"இவ்ளோவும்."