ஹோலிசின் நான்காவது அடி

1984 பிப்ரவரி 6, லாஸ் ஏஞ்சலஸ்

ஏழாவது ஆல்பம் இன்று தொடங்கியது. வழக்கம்போல முதலில் ஹோலிசின் டிரம்ஸும் என் பேஸ் கிடாரும் மட்டும். மற்றதெல்லாம் அதன்மேல்தான் ஏறும். பதினோரு தடவை வாசித்தோம், ஒன்றும் தேறவில்லை. அவன் இடது கை நடுங்குகிறது. “குளிர்டா, டெலாய்” என்றான். குளிரா? எனக்கு வியர்த்துக் கொட்டியது.

பிப்ரவரி 9

தயாரிப்பாளர் கிரீல் என்னைத் தனியே கூப்பிட்டார். “டிரம் மெஷினை வச்சு முடிச்சிடலாம். அவன் அடி உன்னைவிட எவனுக்குத் தெரியும்? நீயே போட்டுக் குடு. அட்டையில அவன் பேருதான் இருக்கும்.”

யோசிக்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்னடா இருக்கிறது?

பிப்ரவரி 14

போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு தாளச் சுற்றிலும் ஹோலிஸ் நான்காவது அடியை ஒரு மயிரிழை தாமதமாக விடுவான். பதினாறு வருடமாக அதில் சாய்ந்துதான் வாசிக்கிறேன். மெஷினில் அந்த அடியை மட்டும் தனியாக எடுத்து, ஒவ்வொரு தடவையும் அதே அளவு தள்ளிப் பதிந்தேன். ஒலிநாடாவில் சாக்ஸபோனுக்கு இடம் வேண்டும், அவன் வாசித்ததை அழித்துவிடு என்றார் கிரீல். அழித்தேன். அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 2

ஹோலிசுக்கு மூளையில் கட்டியாம். கோடை தாண்டமாட்டான் என்கிறார் டாக்டர்.

மே 20

ஹோலிஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். ரேடியோவில் எங்கள் புதுப் பாட்டு வந்தது. அவன் மனைவி ஒடெஸா சத்தத்தைக் கூட்டினாள். “கேளு, என் புருஷன் கை!”

அவன் கண்ணை மூடிக் கேட்டான். அவள் அடுப்பைப் பார்க்கப் போனதும் மெதுவாகச் சொன்னான்:

“நாலாவது அடி ஒரே அளவு லேட்டா வருதே. நான் அப்படியாடா? குடிச்சிருந்தா இன்னும் லேட்டு. உன்மேல கோவம்னா முந்திக்கும். மெஷினா?”

“ஆமா.”

“யாரு போட்டது?”

“நான்தான்.”

“நான் வாசிச்சது?”

“அழிச்சிட்டேன்.”

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “கடைசியா வாசிச்சது அதுதானேடா...”

ஐயோ, அந்தக் குரல்! திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கிளம்பும்போது என் சட்டையைப் பிடித்தான். “ஒடெஸாவுக்குத் தெரிய வேணாம்.”

மே 27

போனேன். தூங்குகிறார் என்றாள் ஒடெஸா. உள்ளே அவன் இருமுவது கேட்டது.

ஜூன் 3

இன்றும் தூங்குகிறானாம்.

ஜூலை 11

ஹோலிசை அடக்கம் செய்தோம். அதற்குமுன் சர்ச்சில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. ஒடெஸா என் தோளில் சாய்ந்து அழுதாள்.

“எவ்வளவு நிதானமா அடிச்சிருக்காரு பாரு, டெலாய். அவருக்கு எம்புட்டுக் கோவம் வரும், உனக்குத் தெரியாததா? இதுல ஒரு இடத்துலகூட கோவமே இல்லயே.”

“ஆமா, ஒடெஸா” என்றேன்.