மேசைக்கடியில் கரடி

அன்புள்ள அக்கா,

முதலில் என் கண்ணில் பட்டது கரடியின் காதுதான். தீயணைப்பு நிலையத்தின் பான்கேக் விருந்துக்காக நான் பெயர் போடாமல் கணினியில் செய்த சுவரொட்டி நிலைய வாசலில் ஒட்டியிருந்தது. அதில், மேசைக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு என் கரடி!

கணினியில் ஒரு படத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளில் நான் வரைவது உனக்குத் தெரியும். பள்ளியை விட்டதிலிருந்து, மனம் படபடக்கும்போதெல்லாம் அந்தக் கரடியைத் தனி அடுக்கில் வரைந்து, அந்த அடுக்கை மட்டும் மறைத்துவிடுவேன். இம்முறை மறைக்க மறந்தே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். தபால் நிலையம், ஹாக்கி அரங்கு, எங்கு பார்த்தாலும் அது.

கரடி நான்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே என்று பயந்து, விருந்தன்று உதவிக்குப் போயிருந்த நான், கீழே விழுந்த கரண்டியை எடுக்கும் சாக்கில் பரிமாறும் மேசைக்கடியில் புகுந்துகொண்டேன்.

மேலே தீயணைப்புத் தலைவர் கோர்டியின் குரல் கேட்டது. "ஏய், இந்தக் கரடி நான்தான்! மாமியார் வீட்டுக்குப் போனா இப்படித்தான் உக்காந்திருப்பேன்."

"போய்யா, உன் தலையில ஏது அவ்வளவு முடி? அது நான். பல் டாக்டர்கிட்ட போற அன்னைக்கு" என்றார் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்த வாண்டா. "ஆமா, யாரு வரைஞ்சது?"

அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

நான் மேசை விரிப்பை விலக்கி, கரண்டியோடு கையைத் தூக்கினேன்.

உன் தங்கை