தாளின் பின்பக்கம்

மேடம்,

தேவாலாவிலிருந்து இன்று ஒரு கட்டு கணக்கெடுப்புத் தாள்கள் வந்தன. மழையில் நனைந்து பாதி காய்ந்தவை. ஈரச் சாக்கும் பச்சைத் தேயிலையும் கலந்த வாசனை. முதல் தாளை எடுத்ததும் கை தானாக அதைத் திருப்பியது. அது உங்கள் பழக்கம்.

அப்போது நான் ஊட்டியில் முதுகலை உளவியல் இரண்டாம் ஆண்டு, நீங்கள் எங்கள் பேராசிரியர். எஸ்டேட் பெண்களிடம் மனச்சோர்வு பற்றிய கேள்வித்தாளை நிரப்பி வர எங்களைத் தேவாலாவுக்கு அனுப்பினீர்கள். நான் மனநல ஆலோசகராக வேண்டும் என்றிருந்தேன். மேற்பயிற்சிக்கு உங்கள் சிபாரிசுக் கடிதம் தேவைப்பட்டது. அது அந்தத் தாள்களைப் பொறுத்திருந்தது.

"எதிர்காலம் குறித்து நம்பிக்கையிழந்து உணர்கிறீர்களா?" என்று முதல் கேள்வியை வாசித்தேன். கொழுந்துக் கூடையை இறக்கிய அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதிர்காலம்னா எதுவரைக்கும் புள்ள? மழை விடுற வரைக்குமா, மக கல்யாணம் வரைக்குமா?"

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "இவ கேக்குறதப் பாத்தா நல்லா இருக்கவளுக்கும் காய்ச்சல் வந்துரும்."

அதன்பிறகு என் பேனா கட்டங்களுக்குள் போகவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் எப்படிக் கேட்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு, பின்பக்கத்தில் கிறுக்கினேன். முன்பக்கம் காலி. திரும்பும் பஸ்ஸில் அழுதேன்.

மறுநாள் எல்லோருடைய தாள்களையும் கவிழ்த்து வைத்துத்தான் படித்தீர்கள். குழந்தைகள் காப்பகத்தில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று வரைந்திருந்தவளைப் பள்ளிக்கூட வேலைக்கு அனுப்பினீர்கள். ஃபேக்டரியில் நடந்த ஷிப்ட் சண்டையை வசனத்தோடு எழுதியிருந்தவனை ஒரு கம்பெனியின் பணியாளர் பிரிவுக்கு. இருவரும் இன்றும் அங்கேதான், சந்தோஷமாக. எங்களுக்கே தெரியாதது ஒரு கிறுக்கலில் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நினைக்கும்போதெல்லாம் மலைத்துப்போகிறேன்.

என் தாள் வந்ததும், "முன்னாடி காலிங்க மேடம்," என்றேன்.

"இருக்கட்டும் கண்ணு. பின்னாடி எடமே இல்லாம எழுதியிருக்கறயே!" நிதானமாகப் படித்து முடித்தீர்கள். "சிபாரிசு தாரேன். ஆனா எதுர்ல உக்காந்து கேக்கற வேலைக்கில்ல. உன்ர மனசு அந்தம்மா மேல போகல, கேள்வி மேல போயிருக்குது. கேள்வி செய்யற வேலைக்குப் போ."

இரண்டு வாரம் உங்களிடம் பேசவில்லை. எனக்கு வலித்தது, அது உண்மையாக இருந்ததால்.

இப்போது குன்னூரில் சுகாதாரக் கணக்கெடுப்புகளுக்குக் கேள்வி எழுதுகிறேன். தாளை மிச்சம் பிடிக்க இரண்டு பக்கமும் அச்சிடலாம் என்றார்கள். இந்த ஒன்றில் மட்டும் பிடிவாதமாக மறுத்தேன். நீங்கள் இறந்த செய்தி வந்த அன்றும் அச்சகத்தில்தான் இருந்தேன்.

இன்றைய கட்டில் ஒரு தாளின் பின்பக்கம், புதிதாக வந்த பயிற்சி மாணவியின் கையெழுத்து: "ஏழாவது கேள்வியில் அந்த அம்மா எழுந்து போய்விட்டார். நானும் கூடப் போய் விறகு அடுக்கிக் கொடுத்தேன். பிறகு அவரே பேசினார்."

ஏழாவது கேள்வி நான் எழுதியது. அதை மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் அந்த மாணவியைக் கூப்பிட வேண்டும், மேடம். எதிரில் உட்கார்ந்து கேட்கும் வேலை அவளுடையது.