அத்தா அணில் கேட்ட கேள்வி

இந்தப் புத்தகத்தைத் திறந்தால் காகித வாசனை வரவில்லை, தைல வாசனை வருகிறது. தலைவலி என்றால் நெற்றியில், கால்வலி என்றால் முட்டியில், மனசு சரியில்லை என்றாலும் எங்காவது ஓரிடத்தில் என்று பூசிக்கொண்டே இருப்பீர்களே, அந்தப் பச்சைத் தைலம். பூசிய விரலோடுதான் பக்கம் திருப்பியிருக்கிறீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் எண்ணெய்க் கறை. நீங்கள் இருந்திருந்தால் திட்டியிருப்பேன். இப்போது மூன்று வாரமாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செல்வராசு அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். வெளிநாட்டில் உங்கள் ரூமில் ஏழு வருஷமாக மேல்கட்டிலில் படுத்தவர். லீவில் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பாலக்கரையில் நம் வீட்டுக்கு வந்துவிட்டார். நாலு சட்டை, மூக்குக் கண்ணாடி, பாதி தீர்ந்த தைலக் குப்பி, இந்தப் படப் புத்தகம். இதே புத்தகத்தின் இன்னொரு பிரதி நம் வீட்டுப் பரண்மேல் கிடந்தது. அதை அங்கே தூக்கிப் போட்டது நான்தான்.

இரண்டு பிரதி வாங்கிய கதை உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது நாம் மூன்று பேரும் புத்தகக் கண்காட்சிக்குப் போனோம். சுமையாவுக்கு அப்போது ஐந்து வயது. நான் சமையல் புத்தகங்களைப் புரட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நீங்கள் பிள்ளைகள் ஸ்டாலில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தீர்கள். கட்டடம் கட்டடமாக ஏறி ஏசி குழாய் மாட்டுகிற ஆறடி ஆள். உங்கள் மகள் பலூன்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி."

"புதுப் புத்தகத்துல ஏதுங்க தூசி?"

"அப்ப அச்சு மை ஒத்துக்கல போல. விடுங்க மேடம்."

கதை ஒன்றும் பெரிதில்லை. ஓர் அப்பா அணில் மாம்பழம் கொண்டுவர ஆற்றின் அக்கரைக்குப் போகிறது. போகும்முன் குட்டியை மரத்தோடு சேர்த்து நிற்கவைத்து, அதன் உயரத்துக்கு மரப்பட்டையில் பல்லால் ஒரு கோடு கீறிவிட்டுப் போகிறது. ஆற்றில் வெள்ளம் வருகிறது, திரும்பி வர நாளாகிறது. பக்கத்துக்குப் பக்கம் குட்டி அந்தக் கோட்டைத் தாண்டி வளர்கிறது. கடைசிக்கு முந்தின பக்கத்தில் அப்பா அணில் மாம்பழத்தோடு மரத்தடியில் வந்து நிற்கிறது. மேலே கிளையில் உட்கார்ந்திருக்கும் அணிலைப் பார்த்து, "இந்த மரத்தில் என் குட்டி ஒன்று இருந்ததே, நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்கிறது.

அந்த இடத்தில்தான் நீங்கள் உடைந்தீர்கள். எனக்கு ஏன் என்று தெரியும். சுமையா பிறந்ததிலிருந்து போன் திரையில் கையளவு முகமாகத்தான் உங்களைப் பார்த்திருந்தாள். இரண்டரை வயதில் திருச்சி ஏர்போர்ட்டில் முழு ஆளாகப் பார்த்ததும் எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இந்த மாமா யாரு?" என்றாள். நீங்கள் பொம்மையை நீட்டியபடி சிரித்துக்கொண்டே நின்றீர்கள். வீடு வரும்வரை காரில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

இந்த மாதிரிப் புத்தகம் எழுதுகிறவர்களைக் கண்டால் நான் நாலு கேள்வி கேட்பேன். அட்டையில் 'நான்கு வயது முதல்' என்று போட்டுவிடுகிறார்கள். நாற்பது வயதுக்காரர் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு வரி போடக்கூடாதா? பிள்ளைகள் அழுவதே இல்லை. அணில் வால் புசுபுசுவென்று இருக்கிறதா, மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். படித்துக் காட்டுகிற பெரியவர்கள்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இதைச் சொன்னதற்கு நீங்கள், "பிள்ளைக்கு வாங்குன புத்தகம்தான். ஆனா அது எங்கிட்டதான் பேசுது" என்றீர்கள்.

அன்று சாயங்காலமே சுமையாவை வயிற்றின்மேல் உட்காரவைத்துப் படித்தீர்கள். அந்தப் பக்கம் வந்ததும் குலுங்கி அழுதுவிட்டீர்கள். அவள் பயந்துபோய், "அத்தா, எங்க வலிக்குது?" என்று கேட்டு, கவுன் ஓரத்தால் உங்கள் முகத்தைத் துடைத்தாள். கடைசிப் பக்கத்துக்கு யாரும் போகவே இல்லை. மறுநாள் நீங்கள் தனியாகப் போய் இன்னொரு பிரதி வாங்கிவந்து பெட்டியில் வைத்துக்கொண்டீர்கள்.

அதற்குப்பின் நம் வீட்டு வெள்ளிக்கிழமைகள் அப்படி ஆயின. நீங்கள் ஜும்மா தொழுது, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழும்பும்போது இங்கே ஸ்கூல் விட்டிருக்கும். அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, மடியில் புத்தகத்தை விரித்து சுமையா உட்காருவாள். அங்கே உங்கள் மடியில் உங்கள் புத்தகம். "திருப்பு" என்று நீங்கள் சொன்னால் இங்கே ஒரு பக்கம், அங்கே ஒரு பக்கம். எத்தனையோ புத்தகம் இரண்டு இரண்டாக வாங்கி ஒன்றை உங்களுக்கு அனுப்பினேன். கடைசியில் அவள் கேட்பது அணில் கதையைத்தான். நான் அடுப்படியில் வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டே கேட்பேன். வெள்ளம் வரும், குட்டி வளரும், அத்தா அணில் மரத்தடிக்கு வரும், அவ்வளவுதான். "நெட் போயிடுச்சும்மா" என்று சுமையா குரல் கொடுப்பாள். ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில்.

நான் ஒரு முட்டாள். சிம்மை இரண்டு தடவை மாற்றினேன். வீட்டுக்கு வயர் இழுத்து நெட் போட்டேன். அந்தக் கம்பெனி ஆளை வரவழைத்து, "ஒரு அணில் மரத்துமேல ஏறுற வரைக்கும்கூட உங்க நெட்டு தாங்காதா?" என்று சண்டை போட்டேன். அவர் பாவம், மெஷினில் தட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அப்புறம் உங்கள்மேல் சந்தேகம் வந்தது. அழப் பயந்து நீங்களே கட் பண்ணுகிறீர்கள் என்று நினைத்தேன். அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை கோபத்தில் உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "பெத்த பிள்ளைக்கு ஒரு புத்தகத்த முழுசா படிச்சுக் காட்ட முடியல, நீங்கள்லாம் ஒரு ஆம்பள." நீங்கள் சிரித்துக்கொண்டே, "சரிங்க மேடம். அடுத்த வாரம் முடிச்சிருவோம்" என்று பதில் போட்டீர்கள்.

மறுநாள் காலை வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்றார்கள். அங்கேயே அடக்கம். உங்கள் முகத்தை எங்களுக்குப் போனில்தான் காட்டினார்கள்.

நான் நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்காமல் உங்கள் துக்கத்தில் இத்தா இருந்தேன். பிள்ளைமுன் அழாதே, அவள் பயந்துவிடுவாள் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அழவில்லை. புத்தகத்தையும் பரணில் போட்டேன். சுமையாவும் அழவில்லை. சாப்பிட்டாள், ஸ்கூலுக்குப் போனாள், ஹோம்வொர்க் எழுதினாள். வெள்ளிக்கிழமை மட்டும் ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அத்தா இறந்தது புரியவில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

செல்வராசு அண்ணன் பையை வைத்துவிட்டுப் போன சாயங்காலம், நான் உங்கள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். சுமையா இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"அம்மா, நெட் போகல. நான்தாம்மா கட் பண்ணேன்."

"என்னாடி சொல்ற?"

"எல்லாத் தடவையும் நான்தான். அந்தப் பக்கம் வந்தா அத்தா உதடு ஆடும். இங்கன்னா நான் தொடச்சு விடுவேன். அங்க அத்தாவுக்கு யாரு தொடச்சு விடுவா? அதான் அழறதுக்கு முன்னாடி செகப்பு பட்டன அமுக்கிடுவேன்."

நான் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தேன். அவள் நிறுத்தவில்லை.

"கடைசியாவும் அமுக்கிட்டேன். அத்தா என்னமோ சொல்ல வந்தாங்க. நான் கேக்கல. என்மேல கோவமா போயிட்டாங்களாம்மா?"

அத்தனை மாதமாக அந்தப் பிள்ளை இதைத்தான் சுமந்துகொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது. இல்லடி, கோபமில்லை என்று நூறு தடவை சொன்னேன். "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள். நியாயம்தானே? எனக்கே தெரியாமல்தானே நெட்காரரோடு சண்டை போட்டேன். தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் செல்வராசு அண்ணன், மண்ணச்சநல்லூரில் இருந்தார். மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். நீங்கள் போனபிறகு நான் வாசல் தாண்டிய முதல் பயணம் அது.

அவர் வீட்டு முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் பதறி எழுந்தார். "என்ன தங்கச்சி, எதாவது விட்டுப்போச்சா?" நான் சுமையாவை முன்னால் நிறுத்தினேன். அவளே கேட்டாள்.

"மாமா, நான் போன கட் பண்ணது அத்தாவுக்குத் தெரியுமா?"

செல்வராசு அண்ணன் அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார்.

"தெரியும் பாப்பா. மொத நாளே தெரியும். 'ராசு, எம்பொண்ணு எனக்கு பிரேக் போட்டுட்டா, நான் அழுதா அவளுக்குப் பொறுக்காது'ன்னு பாய் ரூம் பூரா சொல்லிச் சிரிப்பாரு. நீ கட் பண்ணதும் கடைசிப் பக்கத்த எனக்குத்தான் சத்தமா படிச்சுக் காட்டுவாரு. வாரா வாரம் எனக்குத்தான் கத. அப்புறம் நல்லா அழுவாரு."

"அப்ப யாரு தொடச்சு விட்டா?"

"நான் இருந்தேன்ல பாப்பா. என் துண்டத்தான் குடுப்பேன்."

"கடைசி நாளும்?"

"கடைசி நாளும்."

அவர் வீட்டில் கொடுத்த டீயை நான் குடித்தேனா என்றுகூட நினைவில்லை. உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மகளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் என்னிடம் வாய் திறக்காமல், நான் ஏசியதையெல்லாம் வாங்கிக்கொண்டீர்கள். உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தவள் நான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. டோல்கேட் தாண்டியதும் சுமையா தானாகப் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். கொள்ளிடம் பாலத்தில் ராஜகோபுரம் தெரியத் தொடங்கியபோது படிக்க ஆரம்பித்தாள். உங்களைப்போலவே, நீங்கள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்குகிற இடத்தில் வாங்கி. வெள்ளம் வந்தது, குட்டி வளர்ந்தது. "இந்த மரத்தில் என் குட்டி ஒன்று இருந்ததே, நீங்கள் பார்த்தீர்களா?" என்று படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முன் சீட்டில் ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தர், மடியில் துளசி மாலைக் கூடையோடு இருந்தார். மெல்லத் திரும்பினார். "ஏன்டி கொழந்தே நிறுத்திட்டே? அந்தக் குட்டி என்னதான் சொல்லித்து?"

சுமையா பக்கத்தைத் திருப்பினாள். புத்தகத்தில் 'அப்பா' என்று இருந்ததை அவள் மாற்றிப் படித்தாள்.

"அந்தக் குட்டி நான்தான் அத்தா. கொஞ்சம் வளர்ந்துவிட்டேன். நீங்கள் போட்ட கோடு அப்படியே இருக்கிறது. மேலே வந்து பாருங்கள்."

படித்து முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை மாதத்து அழுகை. "அத்தா, அத்தா" என்று சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன், யார் சொன்னதையும் நினைக்காமல். மாமி "ரங்கா, ரங்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்க வேண்டிய திருவானைக்கோவிலை விட்டுவிட்டார். மாம்பழச் சாலையில் இறங்கும்போது சுமையாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

பரணிலிருந்த புத்தகத்தை அன்றே இறக்கிவிட்டேன். இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக்கொள்கிறோம். உங்கள் பிரதி எனக்கு. "திருப்பு" என்று நான்தான் சொல்கிறேன். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது நகையும் இல்லை, சட்டையும் இல்லை, அந்த ஒரு பக்கத்தில் அழுகிற பழக்கத்தைத்தான். கல்நெஞ்சுக்காரி என்று என்னைக் கிண்டல் செய்வீர்களே, வந்து பாருங்கள். அத்தா அணிலின் கேள்வியை நான் படித்து முடிப்பதற்குள் குரல் போய்விடுகிறது. சுமையா அவசரப்படுத்துவதில்லை, காத்திருக்கிறாள். நான் எப்படியோ முடித்ததும் அடுத்த பக்கத்தை அவள் படிக்கிறாள், நீங்கள் இருக்கிற இடத்துக்கும் கேட்கவேண்டும் என்பதுபோல் நன்றாகச் சத்தம் போட்டு.