உதவியை எதிர்த்துப் பேசிய பெண்

நந்திதுர்க், கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.)
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இந்துவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மலாவியில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, மாத்திரையைத்தான் மறந்துவிடுகிறார். உங்கள் கிளினிக்குக்கு வரும் வெளிநாட்டு உதவி நிற்கப்போகிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் பள்ளியில் விவாதப் போட்டி, மற்ற பள்ளிகளும் வந்திருந்தன. ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் செய்யும் உதவி தொடர வேண்டுமா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு வந்தது எதிர்த்துப் பேசும் பக்கம். உன் வேலையே அந்த உதவியில் ஓடுகிறது, நான் அதை எதிர்க்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்! ஆனாலும் பழக்கினேன். அடுத்த பக்கத்தார் சொல்லப்போவதை அவர்களைவிட நன்றாகச் சொல்லிக் காட்டுங்கள், பிறகு மறுக்கலாம் என்று திலீப்பையும் பவ்யாவையும் மாற்றி மாற்றிப் பேசவைத்தேன். பவ்யாவின் அம்மா மரியா, இங்கே பக்கத்துக் கோரமண்டலில் ஒரு வெளிநாட்டு அமைப்பு நடத்திய தையல் கூடத்தில் வேலை செய்தவள். ஒரு திங்கட்கிழமை போனால் கதவில் பூட்டு, முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் பேசுவேன் என்று பவ்யா பிடிவாதமாக நின்றாள்.

போட்டிக்கு முந்தின நாள், பவ்யா பேசப்போவதைக் கேள்விப்பட்டு எங்கள் நிர்வாகி ஜோஸ் சார் என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கு வேன் கொடுத்த வெளிநாட்டு அறக்கட்டளைக்காரர்கள் முன்வரிசையில் உட்காரப்போகிறார்களாம். "இன்னா டீச்சர், குடுக்கறவங்க முன்னாடியே இப்படிப் பேசவுடுவீங்களா? அந்தப் பொண்ண மாத்துங்க" என்றார். "அவ பேசலன்னா நம்ம ஸ்கூல் பேசாது சார்" என்று சொல்லிவிட்டேன்.

மேடையில் பவ்யா தடுமாறாமல் இங்கிலீஷில் பேசி முடித்தாள். முன்வரிசையிலிருந்த அறக்கட்டளையின் வெளிநாட்டு அம்மாள் ஒருவர் எழுந்து, அப்படியானால் உதவியை நாளைக்கே நிறுத்திவிடலாமா என்று கேட்டார். பவ்யா ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன், எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் இங்கிலீஷை விட்டுவிட்டாள். "நிறுத்துங்கன்னு சொல்லல மேடம். குடுக்கறப்போ இன்னா வேணும்னு எங்களக் கேளுங்க. நிறுத்தறப்பவும் வந்து எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. எங்கம்மா பூட்டப் பாத்துதான் தெரிஞ்சிக்கினாங்க" என்றாள். திலீப் அதை மொழிபெயர்த்தான். அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். எதிர்க்கும் பக்கத்தைக் கைவிட்டாள் என்று நாங்கள் தோற்றதாக நடுவர்கள் அறிவித்துவிட்டார்கள்.

பவ்யா விருந்தினர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் ஜோஸ் சார். நான் சொல்லிக்கொடுத்தது, என்னைக் கேளுங்கள் என்று குறுக்கே நின்றேன். மறுநாளே பத்தாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். வேன் நிற்குமோ என்ற பயத்தில் ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. அறக்கட்டளையிலிருந்து இன்னும் தகவல் இல்லை. அப்பா மட்டும், நீ செய்தது சரிதான் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

இந்து, வேலை போனால் போகட்டும், வீடு இருக்கிறது, வந்துவிடு. ஆனால் கிளினிக் மூடும் நாள் தெரிந்தவுடன், மருந்து வாங்க வருகிறவர்களிடம் நீயே சொல்லிவிடு. மேலிடத்தில் சொல்லாதே என்றாலும் சொல்லிவிடு. அடுத்து எங்கே போய் வாங்குவது என்று விசாரித்துச் சொல். அவர்கள் கதவு வரை வந்து பூட்டைப் பார்க்கக் கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு, கொசுவலை இல்லாமல் படுக்காதே. தெய்வம் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
குணசுந்தரி