ஸ்வெட்டரில் வந்த தூசி

ட்ரெஸ்டன், ஜெர்மனி

அன்புள்ள அம்மாவுக்கு, வினோலியாவின் ஸ்தோத்திரம். ஆண்டவர் கிருபையில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் டாடியின் இருமலும் எப்படி இருக்கின்றன?

இங்கே ஒரு கூத்து நடந்தது, பயப்பட வேண்டாம். எங்கள் லேபில் ஓர் அணு கனத்துக்குப் படலம் செய்கிறோம், தூசியே ஆகாது. குளிர் தாங்காமல் நீங்கள் பின்னிய ஸ்வெட்டரை அங்கிக்குள் போட்டுப் போய்விட்டேன். ஒரு மாத வேலை பாழ். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உடைந்த கண்ணாடி போலக் கூரான கல்துகள்கள். "குவாரியிலிருந்தா வருகிறாய்?" என்றார் புரொபசர்.

ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போட்ட நம் வீட்டுக் கொடிக்கயிறு நினைவுக்கு வந்தது. எதிரே தங்கச் சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேடு; காற்றடித்தால் அந்தத் தூள் நம் துணியில்தானே படியும். துணிகளை இனி உள்ளேயே காயப்போடுங்கள்.

"பீடி இருமல்தான், ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு?" என்று டாடி சொல்வதைக் கேட்காதீர்கள். முப்பது வருஷம் சுரங்க ஷாஃப்டில் இறங்கி இதே கல்தூசியைச் சுவாசித்தவர் என்று டாக்டரிடம் சொல்லி எக்ஸ்ரே எடுங்கள். படத்தை முதலில் எனக்கு அனுப்புங்கள்.

ஸ்வெட்டரைக் குப்பையில் போடச் சொன்னார்கள். மனசு வரவில்லை; அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வேறு பின்ன வேண்டாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மூன்று முறை துவைத்துப் பார்த்தேன். கம்பளியிலிருந்தே அந்தத் துகள் போகவில்லை அம்மா.

உங்கள் மகள்
வினோலியா